பாசி எடுக்கும் பெண்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மன்னார் வளைகுடாப் பெண்களுக்குக் கடற்பாசி வளர்ப்பு கற்றுத்தருகிறார்கள் என்று படித்தேன். பருவநிலை மாற்றத்துக்கு நல்ல மாற்றுத் தொழில்தானே? கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பழைய வேலையை அவர்கள் ஏன் விட மறுக்கிறார்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

வளர்ப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மூங்கில் மிதவையில் விதைப்பாசியைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுக்கலாம். முங்கி எடுப்பதைவிட உடம்புக்கு எவ்வளவோ மேல். ஆனால் அங்கே வளர்ப்பது கப்பாபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசி. பெப்சி நிறுவனம் கொண்டுவந்ததால் ஊரில் அதற்குப் பெயரே ‘பெப்சி பாசி’. 2013-இல் கடல் சூடேறியபோது மிதவை மிதவையாக அழிந்தது அதுதான். குருசடைத் தீவில் பவளப்பாறைமேல் படர்ந்து மூடியதும் அதுதான். வெப்பத்துக்கு மாற்று என்று கொடுத்த பாசியே வெப்பம் தாங்கவில்லை.

சரி, பாம்பனில் உள்ள சின்னப்பாலம் என்ற ஊரின் பெண்களிடம் வருவோம். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுப்பார்கள். முதலீடு கிடையாது, முதலாளி கிடையாது. சிறுமியாக இருக்கும்போதே அம்மாவோடு போய்ப் பழகிய கடல் அது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனதும் அந்தக் கடலிலேயே அவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்த காரியத்தைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். வெட்டிய இடத்தில் பாசி மறுபடி தழைக்க வேண்டுமே! அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடுகிற வீட்டில் மீதி நாட்களைச் சும்மா விடுவது என்றால் எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள். எந்தத் துறையும் பயிற்சி கொடுத்து வந்ததில்லை இது. இந்தப் பெண்களை முன்நின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற வெளிநாட்டு அமைப்பின் விருது கிடைத்தது.

2016-இல் அந்தக் கடலில் பவளங்கள் வெளுத்துச் செத்தன. கடல் சூடாவதற்கு இந்தப் பெண்கள் காரணமே இல்லை. ஆனாலும் முதலில் கையைக் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

‘ஏன் விட மறுக்கிறார்கள்’ என்று கேட்டீர்கள். 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசி வளர்ப்புக்கான பூங்கா ஒன்றை அறிவித்தார்கள். வரட்டும், நல்லதுதான். அதோடு, அந்த 12 நாளும் தீவுப் பக்கம் பயமில்லாமல் போய்வர வேண்டும், தங்களையும் மீனவர் என்று கணக்கில் எடுக்க வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள்.

அன்புடன்.