ஆங்கிலத்தில் எழுதும்போது செயப்பாட்டு வினையைத் தவிர்த்தே ஆக வேண்டுமா?

எழுத்துப் பயிற்சி தருபவர்கள் ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையை (பாசிவ் வாய்ஸ்) தவிர்க்கச் சொல்கிறார்கள், ஆனால் நாளிதழிலும் வங்கிக் குறுஞ்செய்தியிலும் அலுவலகக் கடிதத்திலும் அதுதானே நிறைந்திருக்கிறது, இதில் எதைப் பின்பற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கில அறிக்கைகளையும் கடிதங்களையும் செப்பனிடுவது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். என் பதில், தவிர்க்க வேண்டியதில்லை என்பதுதான். ஒரு பத்தி யாரைப் பற்றியது அல்லது எதைப் பற்றியது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், எந்த வாக்கியம் செய்வினையில் (ஆக்டிவ் வாய்ஸ்) வர வேண்டும், எது செயப்பாட்டு வினையில் வர வேண்டும் என்பது பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும். செய்தவர் யார் என்று வாசகருக்குத் தெரிந்தாக வேண்டிய இடத்தில் அவரைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை. அந்தப் பிழையைச் செய்வினையிலும் செய்ய முடியும்.

நம் பள்ளிகளில் இந்தப் பாடம் நடத்தப்படும் விதம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு முக்கியக் காரணம். ஒரு செய்வினை வாக்கியத்தைக் கொடுத்து, எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றி, கடைசியில் 'ஆல்' என்று பொருள் தரும் 'பை' சேர்த்துச் செய்தவரை எழுதச் சொல்வார்கள். இரண்டு வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று சமம் என்றும், 'பை' இல்லாவிட்டால் வாக்கியம் முழுமை பெறாது என்றும் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அன்றாட ஆங்கில எழுத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே வரும் செயப்பாட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் 'பை' வருவதே இல்லை. 'யுவர் அக்கவுண்ட் ஹேஸ் பீன் டெபிட்டட்' என்று வங்கி அனுப்பும் செய்தியில், பணத்தைக் கழித்தது எந்தக் கணினி, எந்த ஊழியர் என்பது யாருக்கும் தேவையில்லை. 'எ மேன் வாஸ் அரெஸ்டட்' என்று செய்தியில் வந்தால், கைது செய்தது காவல்துறை என்பது சொல்லாமலே விளங்கும். தலைப்புகளில் 'வேர்' என்ற துணைவினையைக்கூட விட்டுவிட்டு 'டூ கில்ட் இன் ஆக்சிடெண்ட்' என்று போடுகிறார்கள். புதிதாக ஆங்கில நாளிதழ் படிப்பவர்கள் இதைச் செய்வினையாக எடுத்துக்கொண்டு, இரண்டு பேர் யாரையோ கொன்றுவிட்டதாகப் பொருள் கொள்வதும் உண்டு.

பத்தி எதைப் பற்றியது என்று நான் சொன்னதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பெனிசிலின் மருந்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பெனிசிலின் வாஸ் டிஸ்கவர்ட் இன் 1928 பை அலெக்சாண்டர் ஃபிளெமிங். இட் வாஸ் ப்யூரிஃபைட் அட் ஆக்ஸ்ஃபோர்ட் அண்ட் டெஸ்டட் ஆன் எ பேஷண்ட் இன் 1941. பை தி எண்ட் ஆஃப் தி வார் இட் வாஸ் பீயிங் ப்ரொட்யூஸ்ட் இன் ஹ்யூஜ் க்வாண்டிட்டீஸ் இன் அமெரிக்கா.' மூன்றும் செயப்பாட்டு வாக்கியங்கள், மூன்றின் எழுவாயும் மருந்துதான், வாசகரின் கவனம் எங்கும் சிதறுவதில்லை. இவற்றைப் பிடிவாதமாகச் செய்வினைக்கு மாற்றினால் முதல் வாக்கியத்தின் எழுவாய் ஃபிளெமிங், இரண்டாவதன் எழுவாய் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், மூன்றாவதன் எழுவாய் அமெரிக்கத் தொழிற்சாலைகள் என்றாகி, மருந்தின் கதை மூன்று துண்டுகளாகிவிடும். ஆனால் அதே செய்தியை ஃபிளெமிங்கின் வாழ்க்கை வரலாற்றில் எழுதினால் அவரை எழுவாயாக்கிச் செய்வினையில் சொல்வதே இயல்பு. இலக்கணத்தின் கண்ணில் இரண்டும் சரிதான். எது பொருந்தும் என்பதை முன்னால் உள்ள வாக்கியமும் பின்னால் வரப்போகும் வாக்கியமும்தான் சொல்ல வேண்டும்.

அந்த மூன்றாம் வாக்கியத்தில் உள்ள 'வாஸ் பீயிங் ப்ரொட்யூஸ்ட்' என்னும் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆங்கிலத்தில் வேரூன்றத் தொடங்கியது. அதற்கு முன்பு வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினார்கள். புதிய வடிவத்தை 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று அதைப் பிழை என்பவர் எவருமில்லை.

'பை' வந்தே தீர வேண்டிய இடமும் ஒன்று உண்டு. செய்தவரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தால், அந்த நீளமான தொடரை வாக்கியத்தின் கடைசியில் வைப்பதே ஆங்கிலத்துக்கு இயல்பு. அதற்குச் செயப்பாட்டு வினை நன்றாகக் கைகொடுக்கும்.

தவிர்க்கச் சொல்லும் அறிவுரை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதிலும் தெளிவு கிடைக்கும். அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு கையேட்டில் செய்வினையைப் பயன்படுத்துமாறு விதித்தார், 1959இல் எழுத்தாளர் இ. பி. வைட் திருத்தி வெளியிட்ட பிறகு அது உலகம் முழுவதும் பரவியது. செயப்பாட்டு வினை பல இடங்களில் வசதியானது, சில இடங்களில் இன்றியமையாதது என்று அதே விதியின் கீழ் ஸ்ட்ரங்க் எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. செய்வினையில் எழுத முடிகிற இடத்தில் செயப்பாட்டு வினையை ஒருபோதும் எழுதாதே என்று 1946இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரையில் எழுதினார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே 'இட் இஸ் ஜெனரலி அஸ்யூம்ட்' என்ற செயப்பாட்டுத் தொடர் இருக்கிறது. ஆர்வெலைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. தேர்ந்த எழுத்தாளரின் கை விதியை விட வாக்கியத்தின் தேவைக்குத்தான் கட்டுப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எழுத்துச் செயலிகள் செயப்பாட்டு வினையின் கீழ் கோடிட்டு எச்சரிப்பதையும் இதே அளவில்தான் மதிக்க வேண்டும்: கோட்டைக் கண்டால் ஒருமுறை நின்று பாருங்கள், உடனே மாற்றிவிடாதீர்கள்.

ஆனாலும் அந்த அறிவுரைக்குப் பின்னால் நியாயமான கவலை ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசு ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெளிப்பட்டபின், 1987 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் ரீகன் 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். தவறுகள் நடந்ததை அந்த வாக்கியம் ஒப்புக்கொள்கிறது, தவறு செய்தவர் எவரையும் சுட்டவில்லை. நாடே அந்த ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சொல்லப்பட்ட வாக்கியம் அது. இதைப் போலவே, பெண்கள் மீதான வன்முறைச் செய்திகளில் அவள் தாக்கப்பட்டாள், கொல்லப்பட்டாள் என்று அடுக்கிக்கொண்டே போய், குற்றம் சாட்டப்பட்டவர் பத்தியின் எந்த மூலையிலும் வராமல் போவதைக் கண்டிப்பவர்கள் சரியாகவே கண்டிக்கிறார்கள். ஆனால் 'எரர்ஸ் அக்கர்ட்' (பிழைகள் நேர்ந்தன) என்று எழுதினாலும் செய்தவர் மறைந்துவிடுகிறார், அது முழுக்கச் செய்வினை. 'வாஸ் கில்ட் பை ஹர் ஹஸ்பண்ட்' என்பது செயப்பாட்டு வினைதான், ஆனால் அதில் எதுவும் மறையவில்லை. ஆகவே வினையின் வடிவத்தை எண்ணிக்கொண்டிருப்பதை விட, பொறுப்பாளி பத்தியில் எங்கேனும் இருக்கிறாரா என்று தேடுவதே பயன் தரும்.

அறிவியல் கட்டுரைகளில் செய்முறையை விவரிக்கும் பகுதிக்குச் செயப்பாட்டு வினை பொருத்தமானது. ஆனால் கட்டுரை முழுவதும் 'வி' (நாங்கள்) என்ற சொல்லே வரக்கூடாது என்பது மூடநம்பிக்கை. டி.என்.ஏ.வின் கட்டமைப்பை அறிவித்து வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதிய கட்டுரை 'வி விஷ் டு சஜெஸ்ட்' என்றுதான் தொடங்குகிறது. 'வாஸ்' என்பதற்குப் பதில் 'கெட்' வினையின் 'காட்' வரும் 'காட் அரெஸ்டட்', 'காட் ஃபயர்ட்' போன்ற பேச்சுவழக்குச் செயப்பாட்டு வடிவங்களை நண்பர்களுக்கு எழுதும் மின்னஞ்சலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் அலுவலக ஆங்கிலத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது. 'யூ ஆர் ஹியர்பை இன்ஃபார்ம்ட்', 'இட் இஸ் ரிக்வெஸ்டட் தட்' ஆகிய தொடர்கள் ஆட்சிக்கு உரிய விறைப்பைத் தருகின்றனவே ஒழியச் செய்தியில் ஒன்றும் சேர்ப்பதில்லை. 'ப்ளீஸ் சப்மிட்' என்று நேராக எழுதினால் மரியாதை குறைந்துவிடாது. இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. பழுதான ஒரு பொருளைப் பற்றி நான் எழுதிய புகாருக்கு ஒரு நிறுவனத்திடமிருந்து வந்த பதில் இது: 'யுவர் கம்ப்ளெய்ண்ட் ஹேஸ் பீன் ரெஜிஸ்டர்ட் அண்ட் அப்ராப்ரியட் ஆக்‌ஷன் வில் பி டேக்கன்.' முதல் பாதியில் குறை சொல்ல ஏதுமில்லை. புகார் பதிவாகிவிட்டது, பதிந்த ஊழியர் யார் என்பது எனக்கு வேண்டாம். இரண்டாம் பாதி அப்படியல்ல. அது ஒரு வாக்குறுதி. யார் செய்வார், எதைச் செய்வார், எந்த நாளுக்குள் செய்வார் என்ற மூன்றும் இல்லாத வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு அடுத்த முறை யாரிடம் கேட்பது? 'அவர் சர்வீஸ் டீம் வில் கால் யூ பை ஃப்ரைடே' என்று இருந்திருந்தால், வெள்ளிக்கிழமை மாலை அழைப்பு வராதபோது கேட்பதற்கு எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். ஆகவே ஒரு கடிதத்தைத் திருத்தும்போது 'வாஸ்', 'ஹேஸ் பீன்' வரும் இடங்களில் நான் அதிகம் தயங்குவதில்லை. 'வில் பி' வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, ஓரத்தில் 'யார், எப்போது?' என்று எழுதி, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.