தம்பி, இன்னொரு கோர்ஸ் வேணாம், கையில இருக்கிற ப்ராஜெக்டை முதல்ல சரி பண்ணு

நேத்து உங்க அம்மா போன் பண்ணி அரை மணி நேரம் பேசினாங்கப்பா. "பையன் மூணாவது வருஷம் முடிக்கப்போறான், வெப் டெவலப்பர் ஆகணும்ங்கறான், எழுபதாயிரம் கட்டி ஒரு கோர்ஸ்ல சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், கட்டலாமா சார்"னு கேட்டாங்க. இப்போதைக்கு கட்டாதீங்கம்மா, முதல்ல அவன் பண்ணின ப்ராஜெக்டை பாக்குறேன்னு சொன்னேன். ராத்திரி உன்னோட ஹாஸ்டல் மெஸ் டோக்கன் ஆப்பை உக்காந்து முழுசா பாத்தேன், நல்லா யோசிச்சு பண்ணிருக்க, குறை எல்லாம் செட்டப்லயும் காம்பொனென்ட் (ஸ்க்ரீனோட ஒவ்வொரு துண்டு) பிரிச்ச விதத்துலயும்தான் இருக்கு, அதுக்கு யாருக்கும் எழுபதாயிரம் குடுக்க வேண்டியதில்ல.

வெப் ஸ்க்ரீன் கட்டுற லைப்ரரி ரியாக்ட், அதுல ப்ராஜெக்டை தொடங்கிக் குடுக்கிற பழைய டூலான கிரியேட் ரியாக்ட் ஆப்ல நீ ஆரம்பிச்சிருக்க. புது ப்ராஜெக்டுக்கு அது வேணாம்னு ரியாக்ட் டீமே 2025 பிப்ரவரில அறிவிச்சுட்டாங்க, பழைய வீடியோ பாத்து பண்ணினா இப்படித்தான் ஆகும். அதுக்கு பதிலா வீட் (Vite)ங்கற டூல்ல ஆரம்பி, அது ஓடுறதுக்கு நோட் (Node.js) வேணும், அதுல எல்டிஎஸ், அதாவது நீண்ட நாள் சப்போர்ட் இருக்கிற வெர்ஷன் போட்டுக்கோ. இன்னொண்ணு, ப்ராஜெக்ட் ஃபோல்டர் டெஸ்க்டாப்ல இருக்கு, உன் டெஸ்க்டாப் ஒன்டிரைவோட சிங்க் ஆகுது, ப்ராஜெக்ட் இறக்கிக்கிற லைப்ரரி எல்லாம் உக்காந்திருக்கிற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்ல இருக்கிற ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலையும் அது தூக்கிட்டே இருக்கும், லேப்டாப் ஸ்லோன்னு அப்பாகிட்ட புது லேப்டாப் கேட்டியாமே, முதல்ல ஃபோல்டரை சி டிரைவ்ல தனியா வெச்சு பாரு.

"என் லேப்டாப்ல ஓடுது சார், டெப்ளாய் பண்ணா, அதாவது சர்வர்ல ஏத்தினா மட்டும் எரர் வருது"ன்னு எழுதிருந்தியே, அதையும் கண்டுபிடிச்சுட்டேன். டோக்கன்கார்ட் ஃபைல் பேர்ல டி, சி ரெண்டும் கேப்பிட்டல், அதை வேற ஃபைல்ல இம்போர்ட் பண்ணின (எடுத்து யூஸ் பண்ணின) இடத்துல எல்லாமே ஸ்மால் லெட்டர். விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கும், சர்வர்ல இருக்கிற லினக்ஸ் அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னுடும். இப்போதைக்கு இம்போர்ட்ல எழுத்தை மாத்தினாலே போதும். என்னைக்காவது ஃபைல் பேரையே மாத்தணும்னா கோட் மாற்றத்தை பதிவு வெக்கிற கிட் இருக்கில்ல, அதோட மூவ் கமாண்ட்ல (git mv) மாத்து, சும்மா ரீநேம் பண்ணா விண்டோஸ்ல பெரும்பாலும் கிட்டுக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் அந்த பேமென்ட் சீக்ரெட் கீ, பணம் வாங்குற சர்வீஸுக்கான ரகசிய பாஸ்வேர்ட் மாதிரி. டாட் ஈஎன்விங்கற செட்டிங்ஸ் ஃபைல்ல வெச்சா பத்திரம்னு நினைச்சிட்ட, ஆனா ஃப்ரன்ட்எண்ட்ல (பிரவுசர்ல ஓடுற பகுதில) யூஸ் பண்ற எந்த கீயும் பிரவுசருக்கு போயிடும், எஃப்12 அமுக்கி தேடுறவனுக்கு கிடைச்சிடும். போதாததுக்கு கிட்ஹப்லயும் ஏத்திட்ட. ஃபைலை அழிச்சா போதாது, பழைய கமிட்ல (முன்னாடி சேவ் பண்ணின பதிவுல) அப்படியேதான் இருக்கும். இன்னைக்கே அந்த கீயை கேன்சல் பண்ணி புதுசு வாங்கு, புதுசை சர்வர்ல மட்டும் வை. இதை தள்ளிப்போடாத.

இப்ப காம்பொனென்ட். ஒரே ஃபைல்ல 870 லைன் இருக்குன்னு பயந்து நூறு நூறு லைனா வெட்டாத. ஒவ்வொரு துண்டும் என்ன வேலை செய்யுது, அதுக்கு என்ன தகவல் வேணும்னு கேட்டு பிரி. டோக்கன் லிஸ்ட் ஒண்ணு, லிஸ்ட்ல ஒரு வரி ஒண்ணு, சேக்குற ஃபார்ம் ஒண்ணு, மொத்தம் காட்டுறது ஒண்ணு, இதுக்கு மேல இப்ப வேணாம். டோக்கன் லிஸ்டோட தகவல், மேல இருக்கிற தாய் காம்பொனென்ட்ல இருக்கட்டும், கீழ இருக்கிறதுக்கு பிராப்ஸா (மேலிருந்து அனுப்புற தகவலா) குடு.

டோக்கனை டெலீட் பண்ணினா மொத்தம் குறையலைன்னு கேட்டிருந்த. மொத்தத்துக்கு தனியா ஒரு ஸ்டேட் (ரியாக்ட் ஞாபகம் வெச்சுக்கிற மதிப்பு), அதை மாத்த ஒரு யூஸ்எஃபெக்ட் (ஏதாவது மாறினா ஓடுற கோட்), அந்த எஃபெக்ட்ல எது மாறினா ஓடணும்னு சொல்ற டிபெண்டன்சி விட்டுப்போச்சு, இதான் கதை. லிஸ்ட் கையில இருக்கும்போது மொத்தத்தை ஏன்ப்பா சேத்து வெக்கணும்? ரெண்டர் ஆகும்போது (ஸ்க்ரீனை வரையும்போது) கூட்டிக்கோ, ஒரே லைன், ஸ்டேட்டும் வேணாம், எஃபெக்டும் வேணாம். அதே மாதிரி லிஸ்ட் வரிக்கு ஒரு கீ குடுக்கணும் (பேமென்ட் கீ இல்ல, இது வேற), அதுக்கு நீ இண்டெக்ஸ், அதாவது வரிசை எண் குடுத்திருக்க, நான் ரெண்டாவது வரில "தயிர் சாதம்"னு குறிப்பு டைப் பண்ணி முதல் வரியை டெலீட் பண்ணினேன், குறிப்பு தப்பான வரிக்கு போயிடுச்சு. ரியாக்ட் வரியை அடையாளம் வெச்சுக்கிறதே கீயை வெச்சுத்தான், டோக்கன் நம்பரையே கீயா குடு.

நான் இன்டர்வியூ எடுத்த வருஷங்கள்ல ஃப்ரெஷர்கிட்ட சர்டிபிகேட் கேட்டதே இல்ல, கோடை திறந்து வெச்சு "இந்த ஸ்டேட் ஏன் இங்க இருக்கு"ன்னுதான் கேப்பேன், அதுக்கு சொந்தமா பதில் சொன்ன பசங்களைத்தான் எடுத்தேன். உன்கிட்ட கேட்டா நீ இன்னைக்கு முழிப்ப, ரெண்டு வாரத்துல முழிக்க மாட்ட.

முதல்ல பேமென்ட் கீயை மாத்து, அப்புறம் அந்த இம்போர்ட், அப்புறம் மொத்தம், ஒவ்வொண்ணுக்கும் தனி கமிட் போட்டு ஏன் மாத்தினேன்னு ஒரு வரி எழுது. முடிச்சுட்டு லிங்க் அனுப்பு, வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன்ல உக்காந்து பாப்போம். அதுவரைக்கும் ஃபீஸ் கட்ட வேணாம்னு அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.