நீலகிரியில் ஓய்வுக்காலம்: ஓ.சி.ஐ., விசா, இன்சூரன்ஸ் கேள்வி பதில்

வெளிநாட்டுக் குடியுரிமையோடு மலைக்குத் திரும்பியவர்களும், இங்கிருந்து பிள்ளைகளிடம் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்களும் கேட்டவை. வருமான வரிக் கேள்விகளை எடுக்கவில்லை; அவற்றை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கோத்தகிரி: வயது 67. அமெரிக்க பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். ஓ.சி.ஐ. அட்டையில் (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களும் அவர்கள் துணைகளும் இங்கே வந்து தங்க வாங்கும் அட்டை) பழைய பாஸ்போர்ட் எண்தான் இருக்கிறது. புது அட்டை வாங்க வேண்டுமா?

வேண்டாம். 2021 முதல் விதி எளிதாகிவிட்டது. 50 வயது முடிந்தபின் எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும், அது கைக்கு வந்த 3 மாதத்துக்குள், பாஸ்போர்ட் நகலையும் புதிய புகைப்படத்தையும் ஓ.சி.ஐ. இணையதளத்தில் ஒரு முறை ஏற்ற வேண்டும். கட்டணம் கிடையாது. அதை ஏற்கெனவே செய்திருந்தால் இப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை. வெளிநாட்டு வம்சாவளியில் வந்து, திருமணத்தால் ஓ.சி.ஐ. பெற்ற கணவன் அல்லது மனைவி மட்டும் பாஸ்போர்ட் மாறும் ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் வரும் ஒப்புகை மின்னஞ்சலை அச்செடுத்து அட்டையோடு வைத்திருங்கள். ஏஜெண்டுக்குக் காசு கொடுத்துச் செய்கிற வேலை இல்லை இது.

குன்னூர்: பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்துவிட்டது. இந்திய பாஸ்போர்ட் இன்னும் 4 வருடம் செல்லும். அதுவரை அதையே வைத்துக்கொண்டு வந்து போகலாமா?

கூடாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற அன்றே, குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி உங்கள் இந்தியக் குடியுரிமை போய்விட்டது. பாஸ்போர்ட்டில் அச்சிட்ட தேதி அதை மாற்றாது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சான்றிதழ் வாங்குங்கள். ஓ.சி.ஐ. விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள். குடியுரிமை பெற்ற பிறகு இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்திருந்தால் அபராதம் உண்டு. ஒவ்வொரு பயணமாகக் கணக்குக் கூடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அருவங்காடு: இருவருக்கும் 10 வருட அமெரிக்க விசா இருக்கிறது. மகள் வீட்டில் ஒரு வருடம் தங்கலாம்தானே? இன்சூரன்ஸ் எது எடுப்பது?

விசா முடியும் தேதியை நம்பாதீர்கள். விசா என்பது விமான நிலையக் கதவுவரை போக அனுமதி. உள்ளே எத்தனை நாள் என்பதை அங்குள்ள அதிகாரி முடிவு செய்கிறார். அது ஐ-94 பதிவில் இருக்கும்; பெரும்பாலும் 6 மாதம். இறங்கிய மறுநாளே இணையத்தில் அந்தப் பதிவை எடுத்துப் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி மூன்றையும் சரிபாருங்கள். அதிகம் தங்க வேண்டுமானால் அந்தத் தேதிக்கு முன்பே ஐ-539 படிவம் போட வேண்டும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கினால் 10 வருடமும் உள்ளே வர முடியாது.

இன்சூரன்ஸில் இரண்டு வகை. ஃபிக்ஸட் பெனிஃபிட் மலிவு. ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு எழுதியிருக்கும். மருத்துவமனை பில் அதைப்போல் பல மடங்கு வரும், மீதி மகள் தலையில் விழும். காம்ப்ரிஹென்சிவ் வகையில் டிடக்டிபிள் (முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) கழித்து, நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள நெட்வொர்க் மருத்துவமனையில் பில்லின் பெரும்பகுதியை நிறுவனம் கட்டும். பிரீமியம் கூடுதல்தான், உங்கள் வயதுக்கு நான் இதைத்தான் சொல்வேன். 70 வயதிலும் 80 வயதிலும் பல பாலிசிகளின் வரம்பு திடீரென்று குறையும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ‘அக்யூட் ஆன்செட்’ என்ற பிரிவைத் தேடிப் பாருங்கள். இருக்கிற நோய் முன்னறிவிப்பின்றித் திடீரென்று முற்றினால் மட்டும் பணம், அதுவும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். மாதாந்திரப் பரிசோதனையும் மாத்திரையும் இதில் வராது. ஆகவே தங்கும் காலம் முழுவதற்கும் மருந்தை, மூலப்பெயர் எழுதிய மருந்துச் சீட்டோடு எடுத்துப்போங்கள்.

கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி (படகர் கிராமம்): அப்பா தன் 2 ஏக்கர் தேயிலையை என் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதித் தருகிறேன் என்கிறார். நான் ஓ.சி.ஐ. கூடவே பக்கத்துத் தோட்டத்தில் 20 செண்ட் வாங்கலாமா?

எல்லோரும் நின்று படிக்க வேண்டிய கேள்வி இது.

ஓ.சி.ஐ.க்காரர் வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் மூன்றையும் வாங்க முடியாது. தேயிலை தோட்ட நிலம். தானமாகவும் பெற முடியாது. செட்டில்மெண்ட் உயிரோடிருக்கும்போது கொடுக்கிற தானம்தான். ஆகவே அப்பா நல்ல மனதோடு எழுதுகிற பத்திரமே உங்களுக்குச் சிக்கலாகும். வாரிசாக வருவதற்குத் தடையில்லை. அப்பாவை உயில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும்.

20 செண்ட் வாங்குவது கூடாது.

குன்னூர் (மேற்கண்ட பதிலுக்கு மறுப்பு): 182 நாளுக்கு மேல் இங்கே வசிப்பவர் ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர். தடை வெளிநாட்டில் வசிப்பவருக்குத்தானே? தவறாகப் பயமுறுத்துகிறீர்கள்.

ஃபெமா குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்க்கிறது. அதுவரை உங்கள் வாதம் சரி. ஆனால் 182 நாள் மட்டும் போதாது. முந்தைய நிதியாண்டின் தங்கலோடு, என்ன நோக்கத்தில் தங்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அடுத்தது, ஓ.சி.ஐ.க்காரரின் உரிமை எதுவரை என்று சொல்வது குடியுரிமைச் சட்டத்தின் கீழ் 2021 மார்ச் 4 அன்று வந்த அறிவிக்கை. அசையாச் சொத்து வாங்கும் உரிமையைக் கொடுக்கும்போதே அது விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் நீங்கலாக என்கிறது. மலையில் குடியேறிவிட்டவருக்கு விலக்கு என்று அதில் இல்லை. வக்கீல்கள் இதில் வாதாடலாம். ஓய்வுக்காலத்தில் உங்கள் சேமிப்பை அந்த வாதத்தின் மேல் வைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

குன்னூர் (மீண்டும்): மனை என்றுதான் விற்கிறார்கள். தேயிலையைப் பிடுங்கிவிட்டு வேலியும் போட்டாயிற்று. பதிவும் நடக்கிறது. எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள்.

செடியைப் பிடுங்கினால் நிலத்தின் வகை மாறாது. பட்டா, சிட்டா, அடங்கல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மனைப்பிரிவுக்கு முறையான அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்; மலைப்பகுதிக்கென்று தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கூடலூர் பக்கம் என்றால், பழைய ஜென்மி நிலக்கிழார் முறையில் இருந்து உரிமைச் சிக்கலில் உள்ள ஜென்மம் நிலமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பத்திரம் பதிவானது ஃபெமா அனுமதி ஆகாது.

வாங்கும்போது யாரும் கேட்பதில்லை, உண்மை. சிக்குவது விற்கும்போது. விற்ற பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கிக்குப் போனால் சொத்து எப்படி வந்தது என்று மூலப்பத்திரம் கேட்பார்கள். அங்கே ‘தேயிலை’ என்ற சொல் தெரிந்தால் பணம் நிற்கும். அபராதம் சம்பந்தப்பட்ட தொகையின் 3 மடங்குவரை போகலாம். இதே விஷயத்தில் இன்னும் ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதுதான் பதில். ‘ஏஜெண்ட் சொன்னார்’ என்பது ஆவணம் அல்ல.

ஊட்டி: என் ஓ.சி.ஐ. அட்டையில் பழைய பாஸ்போர்ட் எண்...

முதல் பதிலைப் பாருங்கள்.

கேத்தி: ஓ.சி.ஐ. இருக்கிறது, புது பாஸ்போர்ட் வந்தது. பழையதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். மற்றதெல்லாம் முதல் பதிலில்.

வெலிங்டன்: இந்திய வம்சாவளி இல்லாத எங்கள் ஜெர்மானிய நண்பர் ஓய்வுக்காலத்தைக் குன்னூரில் கழிக்க விரும்புகிறார். எந்த விசா?

ஓய்வு பெற்றவர்களுக்கென்று இந்தியாவில் விசா வகையே இல்லை. சுற்றுலா விசாவில் வந்து வந்து போகலாம், வீடு பிடித்து நிரந்தரமாகத் தங்க முடியாது. உங்கள் வீட்டில் தங்கினால் ‘சி’ படிவம் என்று பழக்கத்தில் சொல்லும் தகவலை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதியுங்கள். வாடகை வாங்காவிட்டாலும் பதிந்துவிடுவது நல்லது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் கட்டாயம் பதிய வேண்டும்.

கோத்தகிரி: 35 வருடம் அமெரிக்காவில் இருந்து திரும்பிவிட்டோம். மெடிகேர் (அமெரிக்க அரசின் மூத்தோர் மருத்துவக் காப்பீடு) பார்ட் பி பிரீமியத்தை நிறுத்தலாமா? இங்கே 68 வயதில் பாலிசி கிடைக்குமா?

மெடிகேர் இந்தியாவில் செல்லாது. திரும்பிப் போகவே மாட்டோம் என்றால் நிறுத்துங்கள். போகலாம் என்ற எண்ணம் இருந்தால் யோசியுங்கள். பிறகு சேரும்போது, விட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும். சேர்வதும் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான். இடையில் அங்கே விழுந்தால் பில் உங்களுடையது.

இங்கே கிடைக்கும். 2024 ஏப்ரல் முதல் 65 வயது வரம்பு நீங்கிவிட்டது. முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம். அதனால்தான் திரும்பி வந்த மாதமே எடுங்கள் என்கிறேன். 72 வயதில் எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் இதயநோய்க்கும் 75 வரை காப்பு இல்லாமல் போகலாம். நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் கிளைம் மறுக்கப்படும்.

மலையில் இருப்பவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் கோவைக்குத்தான் இறங்க வேண்டும். நீங்கள் போகக்கூடிய கோவை மருத்துவமனை நெட்வொர்க்கில் இருக்கிறதா? ஆம்புலன்ஸ் வரம்பு எவ்வளவு? பல பாலிசிகளில் அது மலையிறங்கும் வாடகைக்கே போதாது. அறை வாடகை வரம்பு உண்டா? ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்க 10,000 ரூபாய் அறை எடுத்தால், அறைக்கு மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணத்திலும் பாதிதான் வரும்.

இங்கே முதலுதவி பார்த்துக் கோவைக்கு அனுப்பினால், நேரம் குறித்த பரிந்துரைக் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். கேஷ்லெஸ் (பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும்) அனுமதிக்கு அது உதவும். அந்த விண்ணப்பத்துக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்திலும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. தாமதித்தால் நேரத்தைக் குறித்துப் புகார் கொடுங்கள்.

குன்னூர்: கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்கு எவ்வளவு இன்சூரன்ஸ்?

குறைந்தது 1,00,000 கனடிய டாலர், 1 வருடம். ஒரு முறை நுழைந்தால் 5 வருடம்வரை தங்கலாம். பாலிசியை ஒவ்வொரு வருடமும் நீட்டிக்க மறக்காதீர்கள்.

குன்னூர்: ஐரோப்பாவுக்கு?

ஷெங்கன் நாடுகளுக்கு 30,000 யூரோ. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். விசா முடியும் தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கூடலூர்: பெற்றோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். அம்மா 1975இல் கண்டியில் பிறந்தவர், நான் 1994இல் கூடலூரில் பிறந்தேன். இருவருக்கும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். என்ன ஆவணம்?

உங்களுக்கு, 1987 ஜூலை 1க்கும் 2004 டிசம்பர் 3க்கும் இடையில் இங்கே பிறந்தவர் என்ற முறையில், பெற்றோரில் ஒருவர் நீங்கள் பிறந்தபோது இந்தியக் குடிமகன் என்றால் போதும். அம்மாவுக்கு அடிப்படை ஆவணம், இலங்கையிலிருந்த இந்தியத் தூதரகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டும், தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையும். பிள்ளையாக இருந்தபோது தாத்தாவின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் சேர்ந்திருக்கலாம், அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். பெயர் எழுத்து அங்கே ஒன்றும் ஆதாரில் ஒன்றுமாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைத் திருத்துங்கள். போலீஸ் விசாரணையில் இந்த எழுத்து வேறுபாட்டில்தான் பல கோப்புகள் நிற்கின்றன. பாஸ்போர்ட் அலுவலகம் உங்களுக்குக் கோவை. அசலைக் காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்குங்கள். எந்த ஏஜெண்ட் கையிலும் விட்டுவைக்காதீர்கள்.