கடல் கடந்த உளி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: இரண்டு வருடமாக வெளிநாட்டில் ஃபர்னிச்சர் டிசைனராக இருக்கிறேன். கண்ணில் பட்ட நாற்காலிகளையெல்லாம் வரைந்து நான்கு நோட்டு நிரம்பிவிட்டது. ஆனால் புதிதாக நான் எதை வரைந்தாலும் பாதி பழைய சரக்கு, பாதி இங்கே பார்த்ததன் நகல். எங்கே தவறுகிறேன்?

நோட்டில்தான். பார்த்ததை வரைந்தால் உருவம் மட்டும் கைக்கு வரும். அந்த உருவம் ஏன் அப்படி ஆனது என்பது மரத்திலும் கருவியிலும் இருக்கிறது. அதை வரைந்து பிடிக்க முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும்.

அயல்நாடு போய் உருப்படியாக எதையாவது கொண்டுவந்தவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் தங்கள் பழைய பொருளையே அங்கே மறுபடி செய்தவர்களாக இருப்பார்கள். பிரான்சின் ஷார்லோட் பெரியாண்ட் 1928-இல் இரும்புக் குழாயில் உருவான சாய்வு நாற்காலியில் பங்கெடுத்தவர். 1940-இல் ஜப்பான் அரசின் அழைப்பில் அங்கே போனதும் அதே சாய்வு நாற்காலியை மூங்கிலில் மறுபடி செய்தார். ஹங்கேரியில் பிறந்த மார்செல் ப்ராயர் 1935-இல் இங்கிலாந்து போய், முன்பு அலுமினியத்தில் செய்திருந்த சாய்வு நாற்காலியை ஐசோகான் நிறுவனத்துக்காக ப்ளைவுட்டுக்கு மாற்றினார். இருவருமே பொருளை அப்படியே வைத்துக்கொண்டு மூலப்பொருளை மாற்றினார்கள். மாறியே தீர வேண்டியது எது என்பது அப்போதுதான் தெரிகிறது.

நீங்களும் ஏற்கெனவே செய்து பழகிய ஒரு ஸ்டூலை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கில் 32 மி.மீ சதுரக் கால், கால்களை இணைக்க 40 மி.மீ உயரச் சட்டம், சட்டத்தின் நுனியில் காலின் துளைக்குள் இறங்கும் முளையான கழுந்து 10 மி.மீ தடிமனில் 25 மி.மீ ஆழம் என்று வைப்போம். இப்போது இருக்கும் இடத்தில் பைன்தான் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதே வரைபடத்தைப் பைனில் செய்யுங்கள். உட்கார்ந்து நான்கு முறை ஆட்டினால் போதும், மூட்டு தளரத் தொடங்கும். கழுந்து முறிவதில்லை. அதன் தோள் அழுத்தும் இடத்தில் மென்மரத்தின் நார் நசுங்குகிறது, பிடிமானம் போய்விடுகிறது. இதற்கு மருந்து பசை இல்லை. சட்டத்தை 65 மி.மீ உயரமாக்க வேண்டும், காலை 42 மி.மீ ஆக்கி, கழுந்தை அதில் மூன்றில் ஒரு பங்காக 14 மி.மீ வைத்து 35 மி.மீ ஆழம் இறக்க வேண்டும். ஸ்டூல் உறுதியாகிவிடும், ஆனால் பார்க்க யானைக்கால் போல இருக்கும். அதைச் சரிசெய்ய மூட்டுக்குக் கீழே காலைப் படிப்படியாக மெலியும்படி சரித்து, தரையில் 24 மி.மீ-க்குக் கொண்டுவருவீர்கள். அந்தச் சரிவு எந்த நோட்டிலும் இருந்திருக்காது. அதுதான் உங்களுடையது.

இரண்டாவது முறை அங்கே உள்ளவர்கள் பயன்படுத்தும் இணைப்பை மட்டும் வைத்து, மூன்றாவது முறை அங்கே உட்காரும் உயரத்துக்குச் செய்யுங்கள். மூன்று ஸ்டூல் ஆனபிறகு நோட்டைத் திறக்கலாம்.

கேள்வி: ஈரப்பதம் மிகுந்த கடலோர நாட்டில் செய்த தேக்கு மேஜையைக் குளிர் நாட்டில் உள்ள வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். 900 மி.மீ அகலம். முதல் குளிர்காலத்திலேயே நடுவில் நீளமாக வெடித்துவிட்டது. நன்கு காய்ந்த மரம்தான். பிறகு ஏன்?

எந்தக் காற்றுக்குக் காய்ந்தது என்பதுதான் கேள்வி. காற்றில் ஈரப்பதம் 75% உள்ள இடத்தில் மரம் சுமார் 14% ஈரத்தில் நிலைத்து நிற்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்றின் ஈரப்பதம் 30% அளவுக்கு இறங்கும்போது அதே மரம் சுமார் 6%-க்கு வரும். இடையில் 8% வித்தியாசம்.

பட்டையாக அறுத்த தேக்கு, ஈரம் 1% குறைந்தால் அகலத்தில் சுமார் 0.00186 பங்கு சுருங்கும். 900-ஐ 8-ஆலும் 0.00186-ஆலும் பெருக்குங்கள்: 13 மி.மீ-க்குக் கொஞ்சம் மேல். தேக்கு ரொம்பச் சாது, இதே இடத்தில் வெள்ளை ஓக் இருந்தால் 26 மி.மீ. நீளவாக்கில் மரம் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. உங்கள் மேஜைக்கு அடியில் குறுக்குச் சட்டம் போட்டு, பசையும் தடவி ஸ்க்ரூவும் இறுக்கியிருப்பீர்கள். மேல்பலகை 13 மி.மீ சுருங்கப் பார்க்கிறது, குறுக்குச் சட்டம் விடவில்லை. பலகை கிழிகிறது.

அடுத்த மேஜையில் சட்டத்தின் நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்குங்கள், பசையே வேண்டாம். நடுவிலிருந்து 400 மி.மீ தள்ளி உள்ள ஸ்க்ரூ இந்தக் கணக்கில் 6 மி.மீ உள்நோக்கி நகரும். ஆகவே சட்டத்தில் 5 மி.மீ ஸ்க்ரூவுக்கு வட்டத் துளை போடாமல், மேஜையின் அகலவாக்கில் 13 மி.மீ நீளத் துளை போட்டு, வாஷர் வைத்து, பொருத்தும்போது ஸ்க்ரூ வெளி ஓரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். வறண்ட இடத்தில் செய்து ஈரமான இடத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால் நேர்மாறு, உள் ஓரத்தில் நிற்கட்டும். வார்னிஷ் மேல்பக்கம் எத்தனை கோட்டோ அடிப்பக்கமும் அத்தனை. அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால், ஒரு பக்கம் வேகமாக ஈரம் இழந்து பலகை கிண்ணம்போல் வளையும்.

வெடித்த மேஜையில் மெழுகோ புட்டியோ அடைக்கச் சொல்லாதீர்கள். ஈரமான பருவம் திரும்பும்போது பலகை விரியும், அடைத்தது இடம் விடாது, பக்கத்தில் புது வெடிப்பு வரும். குளிர்காலத்திலேயே, அதாவது மரம் வறண்டு இருக்கும்போதே, குறுக்குச் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். பாதி வெடிப்பு தானாக மூடும். பிறகு பசை, கிளாம்ப், நீளத் துளை.

கேள்வி: வேறொரு நாட்டில் உள்ள பட்டறைக்கு வரைபடம் அனுப்பினேன். ஒற்றைக் கை வைத்த நாற்காலி, கை இடம் மாறி வந்தது. ப்ளைவுட் செருகும் பள்ளங்களான காடிகளும் லொடலொட என்று இருந்தன.

இரண்டும் தனித்தனி நோய். ஐரோப்பிய முறை வரைபடத்தில், ஒரு பொருளை இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை முன்தோற்றத்துக்கு வலப்புறம் வரைவார்கள். அமெரிக்க முறையில் இடப்புறமே வரைவார்கள், ஜப்பானிலும் அப்படித்தான். ஒருவர் வரைந்து மற்றவர் படித்தால் கண்ணாடிப் பிம்பம் வரும். இருபுறமும் ஒன்றாக உள்ள பொருளில் யாருக்கும் தெரியாது, உங்களுடையதுபோல ஒற்றைக் கை வந்தால் மாட்டிக்கொள்ளும். எந்த முறை என்று காட்டும் கூம்புக் குறியீட்டை மூலைக் கட்டத்தில் போடுங்கள். ஒவ்வொரு தோற்றத்துக்கும் கீழே ‘உட்கார்ந்திருப்பவரின் இடப்பக்கம்’ என்பதுபோல எழுதுங்கள். சாய்கோணப் படம் ஒன்றும் சேர்த்தால் சண்டையே இல்லை.

காடி விஷயம்: முக்கால் இன்ச் என்றால் கணக்குப்படி 19.05 மி.மீ. மெட்ரிக் நாட்டில் அதற்கு ஈடாகத் தருவது 18 மி.மீ பலகை. அமெரிக்காவிலேயே முக்கால் இன்ச் என்று விற்பது பலசமயம் 18.3 மி.மீ-க்கு அருகில்தான் இருக்கும். வரைபடத்தில் காடியின் அகலத்தை எண்ணாகப் போடாமல், ‘வந்த பலகையை மூன்று இடத்தில் அளந்து, அதோடு 0.1 முதல் 0.2 மி.மீ கூட்டுக’ என்று எழுதுங்கள்.

கேள்வி: ஊர் திரும்பும்போது ஈட்டி மரத்தில் செய்த மாதிரி நாற்காலியைக் கொண்டுபோகலாமா?

ஈட்டி, தால்பெர்ஜியா என்ற வகையைச் சேர்ந்தது. அந்த வகை மரங்கள் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. 2019 இறுதியிலிருந்து, ஒரு சரக்கில் அந்த மரம் 10 கிலோவுக்குள் இருந்தால் முடிந்த பொருளுக்கு விலக்கு உண்டு. பலகைக்கும் கட்டைக்கும் கிடையாது. பிரேசில் ஈட்டி இன்னும் கடுமையான பட்டியலில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். இரு நாட்டுச் சட்டமும் இதைவிட இறுக்கமாக இருக்கலாம். மரத்தின் தாவரவியல் பெயர் எழுதிய ரசீது இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

பெட்டியை ப்ளைவுட்டில் அடியுங்கள். சாதாரண மரப்பலகையில் அடித்தால், மரம் அதன் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான முத்திரை கேட்பார்கள். முடிந்தால் நாற்காலியைக் கழற்றி அனுப்புங்கள். ஜெர்மனியின் போப்பார்டிலிருந்து 1842-இல் வியன்னா போன மைக்கேல் தோனெட்டின் 14-ஆம் எண் நாற்காலி 1859-இல் வந்தது. கழற்றினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும்.

கேள்வி: மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிநாட்டுப் பட்டறை ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. அவ்வளவு காலம் போதுமா?

ஒரு இணைப்பைக் கற்கப் போதும், ஒரு பருவத்தை முழுதாகப் பார்க்கப் போதாது. ஆகவே முழு நாற்காலி செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள்.

காயாத பச்சை மரம் வாங்காதீர்கள், 25 மி.மீ பலகை காற்றில் காய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். சூளையில் காய்ந்த பலகையை முதல் வாரமே வாங்கி, பலகைகளுக்கு இடையில் 20 மி.மீ குச்சி வைத்து அடுக்கி, வேலை செய்யப்போகும் அறையிலேயே மூன்று வாரம் விடுங்கள். அதுவரை அட்டையிலும் கழிவுப் பலகையிலும் அளவு பாருங்கள். அந்த ஊர்த் தச்சர் எப்படி நிற்கிறார், எங்கே உட்காருகிறார் என்றும் கவனியுங்கள். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போதுதான் அறுக்கும். இழுவையில் தகடு வளையாது என்பதால் மெல்லியதாகவே செய்ய முடிகிறது. தள்ளிப் பழகிய கை முதல் வாரம் தகட்டை மடக்கிவிடும், உதிரித் தகடு கையில் இருக்கட்டும்.

நான்காவது வாரத்திலிருந்து ஒரே இணைப்பை முழு அளவில் பத்து முறை செய்யுங்கள். முதலாவதையும் பத்தாவதையும் நீளவாக்கில் அறுத்து, நான்கு பாதிகளையும் கொண்டுவாருங்கள். கழுந்தின் நுனிக்கும் துளையின் அடிக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் விட்டார்கள், பசை எங்கே தேங்கியது என்பதெல்லாம் ஃபோட்டோவில் தெரியாது.