மருந்துக் காப்பீட்டுத் திட்டத்தை ஒப்பிடும் மென்பொருள் செய்தால் காப்புரிமை (பேடன்ட்) வழக்கு வருமா?

கேள்வி: சென்னையில் சின்ன நிறுவனம் நடத்துகிறோம். ஒரு அமெரிக்க வாடிக்கையாளருக்காக, மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) மருந்துத் திட்டங்களை ஒப்பிட்டுக் காட்டும் தளம் செய்யப்போகிறோம். காப்புரிமைச் சிக்கல் ஏதும் வருமா?

வரலாம். ஆனால் வழக்கு போடுவது ஒன்று, ஜெயிப்பது வேறு. நான் வக்கீல் இல்லை. இதே மாதிரி ஒரு தளத்தில் நிரல் எழுதியவன்.

தளம் செய்யும் வேலை என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். மெடிகேரின் மருந்துப் பிரிவான பார்ட் டி 2006 ஜனவரியில் தொடங்கியது. அரசுத் திட்டம்தான், ஆனால் நடத்துவது தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மருந்துப் பட்டியல், தனி விலைப் படி, தனி மருந்துக் கடைகள். மெட்ஃபார்மின் மாதிரி பழைய ஜெனரிக் மருந்து பெரும்பாலும் எங்கேயும் சல்லிசுதான். எலிக்விஸ் மாதிரி ஒரு பிராண்ட் மாத்திரை சேர்ந்ததும் கணக்கே மாறிவிடும். பிரீமியம் குறைவான திட்டம் வருடக் கடைசியில் அதிகச் செலவு வைத்திருக்கும். ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த வாரங்களில்தான் பென்சில்வேனியாவிலும் ஃபுளோரிடாவிலும் இருக்கிற பெரியவர்கள் மாத்திரை டப்பாக்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உங்கள் தளத்துக்கு வருவார்கள். மருந்து, அளவு, ஜிப் கோடு, கடை இவற்றைக் கொடுத்தால் வருடச் செலவு வரிசையில் திட்டங்கள் வரும். அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' மேல்தான் சண்டை. நான் வேலை பார்த்த இடத்துக்கு, 'எங்கள் காப்புரிமையை மீறுகிறீர்கள்' என்று ஒரு நோட்டீஸ் வந்தது. கூடவே ஒரு அட்டவணை. இடது பக்கம் காப்புரிமையின் வாசகம், வலது பக்கம் எங்கள் தளத்தின் ஸ்கிரீன்ஷாட். பயனரிடம் மருந்துப் பட்டியல் வாங்குவது ஒரு கட்டம், தரவுத்தளத்தில் தேடுவது ஒரு கட்டம், செலவு வாரியாக அடுக்குவது ஒரு கட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கள் திரை. படித்தால் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் நிதானமாக யோசித்தால், மாநில அரசுகளின் காப்பீட்டு ஆலோசனை மையங்களில் தன்னார்வலர்கள் காகிதமும் கால்குலேட்டருமாகச் செய்யக்கூடிய வேலைதானே இது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஜூனில் ஆலிஸ் வழக்கில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு பொதுவான யோசனையைச் சாதாரணக் கணினியில் ஏற்றிவிட்டதால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது. அதற்குச் சில மாதம் முன்பு வந்த ஸ்மார்ட்ஜீன் வழக்கு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. நோயாளியின் விவரத்தைக் கொடுத்தால் பொருத்தமான சிகிச்சைகளை வரிசைப்படுத்திக் காட்டும் முறைக்கு வாங்கியிருந்த காப்புரிமை செல்லாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். டாக்டர்கள் அன்றாடம் மனதுக்குள்ளேயே செய்வதைக் கணினியிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது காரணம்.

அப்படியானால் பயமே வேண்டாமா? வேண்டும், செலவை நினைத்து. ஹைமார்க் என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆல்கேர் என்ற நிறுவனத்துக்கும் நடந்த கதையைப் பாருங்கள். டாக்டர் சொல்லும் சிகிச்சை தேவைதானா என்று காப்பீட்டு நிறுவனம் சரிபார்க்கும் முறை பற்றிய காப்புரிமை ஆல்கேரிடம் இருந்தது. அதை மீறவில்லை என்று அறிவிக்கக் கோரி 2003-இல் ஹைமார்க்கே நீதிமன்றம் போனது. விசாரணையில் வந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் வியப்பு: தகவல் திரட்டும் சர்வே என்ற போர்வையில் நிறுவனங்களிடம் கேள்வித்தாள் அனுப்பி, யார் மாட்டுவார்கள் என்று பார்த்து, வழக்கைக் காட்டி உரிமம் வாங்க வைப்பதுதான் ஆல்கேரின் திட்டம் என்று நீதிபதியே எழுதினார். ஹைமார்க்குக்கு வழக்கறிஞர் கட்டணமாக மட்டும் சுமார் 47 லட்சம் டாலர் தரச் சொன்னார். அந்தக் கட்டணத் தகராறு 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டண விஷயத்தில் விசாரணை நீதிபதியின் முடிவுக்கு மேல்முறையீட்டில் உரிய மதிப்புத் தர வேண்டும் என்று சொல்லி, வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினார்கள். அதே நாளில், இதே கட்டணப் பிரச்சினை பற்றிய ஆக்டேன் ஃபிட்னஸ் என்ற இன்னொரு வழக்கின் தீர்ப்பும் வந்தது. ஆதாரமில்லாத வழக்கு போட்டவரிடம் செலவை வசூலிப்பது அதன்பின் முன்பைவிட எளிது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2003-இலிருந்து 2014 வரை. பெரிய காப்பீட்டு நிறுவனம் தாக்குப் பிடித்தது. உங்களைப் போன்ற சின்ன நிறுவனம் சமரசம் பேசி, ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு நகரத்தான் பார்க்கும்.

சரி, என்ன செய்யலாம்? நோட்டீஸ் வந்தால், அந்தக் காப்புரிமைக்கு விண்ணப்பித்த தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே யாராவது இதைச் செய்திருந்தால் உங்கள் கை ஓங்கும். பார்ட் டி வருவதற்கு முன், 2004-இலேயே, மருந்துத் தள்ளுபடி அட்டைகளுக்காக மெடிகேர் தன் தளத்தில் விலை ஒப்பிடும் வசதி வைத்திருந்தது. மருந்துப் பட்டியல், விலைக் கோப்புகளையும் அரசே வெளியிடுகிறது. உங்கள் தளத்தை எந்தக் கோப்பிலிருந்து, எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்ற பதிவை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நோட்டீஸைப் பார்த்த பதற்றத்தில் 'இது நம்ம டிசைன் மாதிரியே இருக்கே' என்று குழுவுக்குள் மின்னஞ்சல் போடாதீர்கள். வழக்கு வந்தால் அதெல்லாம் எதிர்த்தரப்பின் கைக்குப் போகும். தெரிந்தே மீறியதாக ஆகிவிட்டால் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. உங்களுக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை. தளம் ஓடுவதும் பயனர் இருப்பதும் அமெரிக்காவில்.

அதைவிட முக்கியம், கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தம். அறிவுசார் சொத்து மீறல் என்று யார் வழக்குப் போட்டாலும் எல்லாச் செலவும் நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்று பெரும்பாலும் ஒரு பத்தி இருக்கும். நாமும் 'வழக்கமானதுதானே' என்று தாண்டிவிடுவோம். வாடிக்கையாளரே வரையறுத்துக் கொடுத்த அம்சங்களுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்றும், உங்கள் பொறுப்பு அவர்கள் தரும் கட்டணத்துக்கு மேல் போகாது என்றும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முழுதாக ஒத்துக்கொள்ளாவிட்டாலும், ஒரு உச்ச வரம்புக்காவது பேரம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.