அயர்லாந்துக்குப் போகாமலே ஐரிஷ் மூதாதையரின் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

உங்கள் கணவரின் முன்னோர் அயர்லாந்திலிருந்து பாஸ்டனுக்கு வந்தவர்கள், ஊர் பெயர் யாருக்கும் தெரியாது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் மதுரையை விட்டு நகராமலே கண்டுபிடித்தேன்.

என் மருமகளும் பாஸ்டன்காரிதான். அவளுடைய கொள்ளுப்பாட்டி 1893 வாக்கில் கப்பலேறி வந்தவர். குடும்பத்தில் மிஞ்சியிருந்த தகவல் இரண்டுதான்: அவர் பெயர் டீலியா, சொந்த ஊர் மேயோ பக்கம். மேயோ என்பது ஒரு கவுண்டி, நம் மாவட்டம் போல. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இரவில் தூக்கம் குறைவு; உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருடம் பிடித்தது. அதில் எட்டு மாதம் என் அவசரத்தால் வீண்.

எடுத்த எடுப்பில் அயர்லாந்துப் பிறப்புப் பதிவுகளுக்குள் இறங்கியதுதான் தவறு. ஐரிஷ் அரசின் வம்சாவளித் தளத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய பிறப்புப் பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். அங்கே டீலியாக்களைச் சலித்துக்கொண்டே இருந்தேன், ஒருத்தியும் பொருந்தவில்லை. பிரிட்ஜெட் என்று பெயர் வைக்கப்பட்ட பெண்கள் டீலியா ஆவது அங்கே சர்வசாதாரணம் என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் ஐரிஷ் வேலைக்காரப் பெண் என்றாலே 'பிரிட்ஜெட்' என்று கேலி செய்த காலம் அது. கப்பலை விட்டு இறங்கியதும் பலர் அந்தப் பெயரைக் கழற்றிவிட்டார்கள். கோயில் பதிவேட்டில் பாதிரியார் லத்தீனில் எழுதியிருந்தால் அவளே பிரிஜிடா. சரி, பிரிட்ஜெட் என்று தேடலாமே என்றால், மேயோவில் பிரிட்ஜெட்டைத் தேடுவதும் மதுரையில் மீனாட்சியைத் தேடுவதும் ஒன்றுதான்.

அதனால் கடலைத் தாண்டாதீர்கள். முதலில் அமெரிக்கப் பக்கத்துக் காகிதங்களைத் துருவுங்கள். அங்கேயும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் வெறுமனே 'அயர்லாந்து' என்றுதான் இருக்கும்; 1906க்கு முந்தைய குடியுரிமைப் பத்திரங்கள் பலவும் அப்படியே. எனக்கு முதலில் கைகொடுத்தது மாசசூசெட்ஸ் திருமணப் பதிவு. மணப்பெண்ணின் தந்தை பெயரோடு, தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் அதில் இருந்தது. அந்த இரண்டு குடும்பப்பெயர்களும் கையில் வந்த பிறகுதான் தேடல் தேடலாக இருந்தது.

ஊரைக் காட்டிக்கொடுத்தது டீலியா அல்ல, அவர் தங்கை. நாமெல்லாம் கொள்ளுப்பாட்டி, அவருடைய அப்பா, அவருடைய தாத்தா என்று நேராகவே மேலே ஏறப் பார்க்கிறோம். பக்கவாட்டில் பாருங்கள்: தங்கை, அண்ணன், ஒன்றுவிட்ட சகோதரன், குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்கள். முன்னால் போனவர் சம்பாதித்து டிக்கெட் அனுப்ப, அடுத்தவர் வருவார். குடும்பம் குடும்பமாக அப்படித்தான் வந்தார்கள். இந்தத் தங்கை வந்தது 1909இல். 1907க்குப் பிறகு வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியலில், புறப்பட்ட நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்டு எழுதினார்கள். அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயர், பக்கத்திலேயே ஒரு டவுன்லேண்டின் பெயர்.

டவுன்லேண்ட் என்றதும் நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கைந்து குடும்பங்களின் வயலும் வீடும் அடங்கிய துண்டு நிலமாகக்கூட இருக்கும். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல். ஒரே பெயரில் பல. போதாக்குறைக்குக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எழுத்துக்கூட்டலை நம்பாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஊர் கிடைத்ததும் மளமளவென்று நகர்ந்தது. 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்கள் முழுமையாகத் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. 1880 வரையிலான கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள், அதாவது கோயிலில் பாதிரியார் எழுதி வைத்த ஞானஸ்நான, திருமண ஏடுகள், பெரும்பாலும் தேசிய நூலகத் தளத்தில் கிடைக்கும். அரசுப் பதிவில் இருந்த பிறந்த தேதிக்கு ஒன்பது நாள் முன்பே டீலியாவுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது! பதற வேண்டாம். பிறப்பைப் பதியத் தாமதித்தால் அபராதம்; அதனால் தேதியைத் தள்ளிச் சொல்வார்கள். பாதிரியாரின் தேதியை நம்புங்கள்.

1911 படிவத்தில் ஒரு விசேஷம் உண்டு. திருமணமான பெண்ணிடம் எத்தனை வருட மண வாழ்க்கை, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். டீலியாவின் அம்மாவின் வரியில் 11 என்றும் அடுத்து 7 என்றும் இருந்தது. அன்றிரவு அதற்கு மேல் தேட மனம் வரவில்லை.

அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளை எதிர்பார்க்காதீர்கள். 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது. 1840களில் அயர்லாந்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தை ஒட்டிய காலத்துக்குக் கிரிஃபித் மதிப்பீடு இருக்கிறது. 1847க்கும் 1864க்கும் இடையில் எடுத்த நிலவரிப் பதிவேடு. நம் ஊர் அடங்கலைப் போல, நிலத்தை வைத்திருந்தவர் பெயர் இருக்கும், பிள்ளைகள் பெயர் இருக்காது.

இதற்கு நடுவே ஓர் ஆராய்ச்சியாளருக்குப் பணம் கொடுத்து ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர் அனுப்பியது குடும்பப்பெயர் பொறித்த ஓர் அழகான இலச்சினை, அவ்வளவுதான். இலச்சினை தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அந்தப் பெயர் கொண்ட எல்லோருக்கும் சொந்தமானது அல்ல. அந்தப் பணத்துக்கு நல்ல மூக்குக்கண்ணாடி வாங்கியிருக்கலாம்.

கடைசியாகக் கிடைத்ததுதான் எனக்குப் பிடித்தது. டீலியாவின் அப்பாவுக்கு 1901இல் வயது 55, 1911இல் 70. பத்து வருடத்தில் பதினைந்து வயது! காரணம், 1909இல் தொடங்கிய முதியோர் பென்ஷன். எழுபது நிரம்பினால் வாரம் ஐந்து ஷில்லிங் வரை. பிறப்புப் பதிவு 1864இல்தான் எல்லோருக்கும் வந்தது. ஆகவே கிழவர்களின் வயதைச் சரிபார்க்க அதிகாரிகள் அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளைப் புரட்டினார்கள். அப்படிப் புரட்டி எழுதிய தேடல் படிவங்கள் பிழைத்துக்கொண்டன. அவையும் காப்பகத் தளத்தில் உண்டு. இவருடைய படிவத்தில் தாய் தந்தை பெயரும் டவுன்லேண்டும் இருந்தன. கீழே, 1851இல் வயது 6 என்று ஒரு குறிப்பு. ஆக, விண்ணப்பித்தபோது எழுபது ஆகவில்லை, கிழவர் பிடிபட்டுவிட்டார்.

எரிந்துபோன கணக்கெடுப்பிலிருந்து மருமகளின் குடும்பத்துக்கு மிஞ்சிய ஒரே வரி அது. காட்டியபோது அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எங்கள் அப்பாவும் இப்படித்தான் மாமா" என்று சிரித்தாள்.