‘பாப்பா செலக்ட் ஆயிட்டா, பணம் கட்டிடுங்க மேடம்!’

நடிப்பு வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜென்சிகள் பற்றி நிறைய கடிதங்கள். அவற்றில் நான்குக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து என் ஆறு வயது மகளின் போட்டோவை அனுப்பினேன். சென்னையில் ஓர் ஓட்டல் ஹாலுக்கு வரச்சொல்லி, இரண்டு வரி பேசவைத்துப் பார்த்தார்கள். மறுநாளே போன். ‘பாப்பா செலக்ட். துணிக்கடை விளம்பரம் ரெடியா இருக்கு. போர்ட்ஃபோலியோவுக்கு (போட்டோ ஆல்பம்) 18,000 ரூபாய், சாயங்காலத்துக்குள்ள கட்டிடுங்க’ என்கிறார்கள். ஜிஎஸ்டி பில்லே தருகிறார்களாம். கட்டலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கட்டாதீர்கள். துணிக்கடைக்காரர் விளம்பர நிறுவனத்துக்குப் பணம் தருவார், அவர்கள் தயாரிப்பு நிறுவனத்துக்கு, அங்கிருந்து நடிப்பவருக்கு. ஆள் கொண்டுவரும் கோ-ஆர்டினேட்டர் தன் கமிஷனை அந்தச் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்வார். நடிக்க வந்தவரின் கைப்பணத்துக்கு இதில் எங்கும் வேலை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாப்பாவின் ஒரு நாள் சம்பளம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 15 சதவீதக் கமிஷனில் கோ-ஆர்டினேட்டருக்குக் கிடைப்பது 1,200. அன்று ஹாலுக்கு வந்தவர்களில் 60 குடும்பங்கள் 18,000 கட்டினால் 10,80,000. ஹால் வாடகை, போட்டோகிராபர் கூலி எல்லாம் போனாலும் மிச்சம் கொழுத்த தொகை. இதற்குப் பிறகு அவர் எதற்காக வாய்ப்புத் தேடி அலையப் போகிறார்? அங்கே வந்த வேறு பெற்றோர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். ‘செலக்ட் ஆகவில்லை’ என்று ஒருவரையாவது அனுப்பியிருந்தால் ஆச்சரியம்தான். ‘சாயங்காலத்துக்குள்’ என்ற கெடுவும் விசாரிக்க நேரம் தராமல் இருப்பதற்குத்தான்.

ஜிஎஸ்டி பில் என்றால் வரிக்குப் பதிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அது நேர்மைக்குச் சான்றிதழ் அல்ல. அந்த 15 இலக்க எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால், லாகின் இல்லாமலே நிறுவனத்தின் பெயரும் பதிவு செய்த தேதியும் வரும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ‘பதினஞ்சு வருஷமா ஃபீல்டுல இருக்கோம்’ என்பவர் மூன்று மாதம் முன்புதான் பதிவு செய்திருந்தால், மேற்கொண்டு கேட்க வேண்டாம்.

பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ‘விளம்பர வாய்ப்புக்காக’ என்று எவரும் எழுத மாட்டார்கள். ‘போட்டோ ஷூட் சேவை, பணம் திருப்பித் தரப்படாது’ என்றுதான் இருக்கும். நாளை புகார் போனால் ‘போட்டோ எடுத்தோம், ஆல்பம் கொடுத்தோம், கணக்கு முடிந்தது’ என்று சொல்ல வசதி.

குழந்தை என்பதால் கூடுதலாக ஒரு சோதனை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளில் 2017-ல் சேர்க்கப்பட்ட பகுதிப்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை நடிக்கவைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமய வங்கியில் டெபாசிட் ஆக வேண்டும். ‘கலெக்டர் அனுமதிக்கு என்னென்ன பேப்பர் தரணும், டெபாசிட் எந்த பேங்க்?’ என்று போனில் கேளுங்கள். நிஜமான தயாரிப்பு நிறுவனம் என்றால் பதில் தயாராக இருக்கும்.

கேள்வி: எனக்கு 24 வயது. ஒரு ஏஜென்சி பதிவுக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. சம்பளத்தில் 20 சதவீதக் கமிஷன், போட்டோ மட்டும் அவர்கள் சொல்லும் ஸ்டுடியோவில்தான் எடுக்க வேண்டும், 12,000 ரூபாய் என்கிறார்கள். இது பரவாயில்லையா?
– வாசகர், மதுரை

பதில்: கமிஷன் சரி. 10 முதல் 20 சதவீதம் வழக்கத்தில் உள்ளதுதான். தயாரிப்பு நிறுவனத்தின் பணம் வந்த பிறகே கழிக்கப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். ‘இன்ன ஸ்டுடியோவில்தான்’ என்பதில்தான் வில்லங்கம். பதிவுக் கட்டணம் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. அந்த 12,000-ல் ஏஜென்சிக்கும் பங்கு இருக்கும்.

தவிர, தொடக்கத்தில் அத்தனை பெரிய ஆல்பம் யாருக்கும் தேவையில்லை. காஸ்டிங் ஆட்கள் பார்க்க விரும்புவது நிஜ முகத்தை. வெறும் சுவர், காலை வெளிச்சம், ஜன்னலைப் பார்த்தபடி நீங்கள், நல்ல போன் ஒன்று. நேர்முகம், இரு பக்கவாட்டு முகம், சிரித்த முகம், முழு உருவம் என ஐந்து படம் போதும். ஃபில்டர், கூலிங் கிளாஸ் வேண்டாம். பிறகு போனைக் குறுக்குவாட்டில் பிடித்து ஒரு நிமிட அறிமுக வீடியோ: பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், கடைசியில் நான்கு வரி வசனம். ஒலி சரியாக இல்லாததால் தள்ளப்படும் வீடியோக்கள் ஏராளம். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

ஒப்பந்தத்தில் ‘எங்கள் மூலமாக மட்டுமே நடிக்க வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். வேலையே வாங்கித் தராதவர் உங்களை மூன்று வருடம் கட்டிப்போட அது போதும். ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: சங்க கார்டு இல்லாமல் நடிக்க முடியாது என்று 40,000 கேட்கிறார் ஒருவர். உண்மையா?
– வாசகர், சேலம்

பதில்: சங்கத்தில் உறுப்பினர் ஆவதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் அதைச் சங்க அலுவலகத்தில் கட்டி, சங்கத்தின் பெயரில் ரசீது வாங்க வேண்டும். இடையில் ஒருவரின் ஜிபே எண் எதற்கு? தென்னிந்திய நடிகர் சங்கம், பெப்சி (திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்), இரண்டுமே சென்னையில்தான் இருக்கின்றன. நேரில் போய்த் தகுதி என்ன, கட்டணம் என்ன என்று கேளுங்கள்.

கேள்வி: இருபது நாள் முன்பு யுபிஐ மூலம் 35,000 கட்டிவிட்டேன். இப்போது போனை எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் எதையும் அழிக்காதீர்கள், அவர்களை பிளாக்கும் செய்யாதீர்கள். யுபிஐ செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவையுங்கள். இன்ஸ்டா பக்கத்தின் லிங்க்கையும் எடுத்துவையுங்கள். பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த மாதம் வேறு கடை திறப்பார்கள்.

அடுத்து 1930, அதாவது சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண். பணம் போன சில மணி நேரத்திலேயே அழைத்தால் அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். இருபது நாள் கழித்து அது குறைவு, ஆனாலும் புகார் எண் வேண்டும், பதிவு செய்யுங்கள்.

காவல் நிலையத்தில் ‘இது சிவில் மேட்டரும்மா’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். மோசடி வழக்குக்கு, ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது தெரிய வேண்டும். ஆகவே ‘விளம்பரம் உறுதி, இன்ன தேதியில் ஷூட்டிங்’ என்று பணம் வாங்கும் முன் வந்த மெசேஜ்தான் உங்கள் பலம்; அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே தேதியோடு எழுதுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் இதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

காவல்துறைப் புகாரோடு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் ஒரு புகார் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன.

‘ரீஃபண்ட் தர்றோம், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க’ என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.